முட்டி மடங்குவது இருக்கட்டும், நீளுகிறதா?

கேள்வி: 2 மார்ச் 2025, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகன்

அம்மாவுக்கு வயது 68. அடுத்த மாதம் இடது முட்டியில் மூட்டு மாற்று அறுவை. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். வீட்டில் என்னென்ன தயார் செய்து வைக்க வேண்டும்? பெரியம்மா ஒரே பிடியாக நிற்கிறார்: ஒரு மாதத்துக்குக் காலை அசைக்கவே கூடாதாம், முட்டிக்கு அடியில் தலையணை வைத்தே படுக்க வேண்டுமாம், முட்டை, கோழி தொடக் கூடாதாம். பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: 3 மார்ச் 2025

தலையணை கூடாது தம்பி. மற்றதை அப்புறம் பேசலாம்.

3 மார்ச், இரவு

அடுப்படி வேலை முடிந்தது, இப்போது விவரமாக.

எனக்கு 62. பினாங்குத் தீவு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. போன செப்டம்பர் முதல் வாரம் வலது முட்டியை மாற்றினார்கள். இன்றைக்கு ஆறு மாதம்.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் அப்பாடா என்று இருக்கும். வலி பாதியாகிவிடும். வில்லங்கமே அங்கேதான். கால் லேசாக மடங்கினபடி நாள் கணக்கில் கிடந்தால் பின்பக்கம் அப்படியே சுருங்கி இறுகிக்கொள்ளும், அப்புறம் நீட்ட வராது. நீளாத காலோடு நடந்தால் நொண்டல் போகாது, தொடையும் சீக்கிரம் களைத்துவிடும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்டார்கள். முழுசா நீளுதா என்று ஒருத்தர் கேட்டதில்லை.

எனக்கு என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாகத் தலையணை வைத்துவிட்டார். பத்து நாள். பிசியோவுக்குப் போன அன்று அந்த மலாய்ப் பெண் என்னைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரச் சொல்லி, முட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். நாலு விரல் தாராளமாகப் போய் வந்தது. "மக்சிக் (மலாயில் அத்தை மாதிரி), வீட்டில் தலையணை வைக்கிறீர்களா?" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். தினமும் பத்துப் பேரைப் பார்க்கிறேன் என்றாள்.

வைத்தே ஆக வேண்டுமென்றால் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நிற்க வேண்டும். அப்படியே முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்திப் பத்து எண்ண வேண்டும். வலிக்கும், அம்மா உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஒரு மாதம் அசைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து மாவுக்கட்டுப் பேச்சு. என்னை மறுநாளே எழுப்பி வாக்கரைப் பிடிக்க வைத்தார்கள்.

4 மார்ச்

வீட்டைப் பற்றி. முதலில் கழிவறை. எங்கள் வீட்டில் குந்தி உட்காரும் கழிவறைதான். அதன் மேல் வைக்கிற பொத்தல் நாற்காலி கிடைக்கும், நாலு காலிலும் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரப்பர் இல்லாவிட்டால் ஈர ஓட்டில் நாற்காலி வழுக்கும். உட்காரும்போது ஆபரேஷன் காலை முன்னால் நீட்டிவிட்டு, கைப்பிடியைப் பின்னால் தடவிப் பிடித்து, மெதுவாக இறங்க வேண்டும். இதை அறுவைக்கு முன்பே அம்மாவைப் பத்துத் தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கால்மிதிகள் எல்லாவற்றையும் சுருட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் ஏழு இருந்தது, அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

தரையில் படுக்கிற பழக்கம் இருந்தால் கட்டில் ஏற்பாடு செய்யுங்கள், உட்கார்ந்தால் பாதம் தரையில் படிகிற உயரம். எழ முடியாத மெத்தை நாற்காலியை விடப் பந்தலில் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி மேல், கைப்பிடி உள்ளது. ஆட்டம் காண்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

வாக்கரில் ஒரு துணிப்பை கட்டுங்கள். இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது போனையும் தண்ணீரையும் எதில் தூக்குவது? நான் முதல் நாள் போனை வாயில் கவ்விக்கொண்டு நடந்தேன்.

காரில் ஏற்றும்போது முன்சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிடுங்கள். பின்பக்கமாக உட்கார்ந்து திரும்பினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். வண்டி கிளம்பும் முன் பையை உருவிவிட வேண்டும். நாங்கள் உருவ மறந்து, முதல் சிவப்பு விளக்கில் நான் கீழே சறுக்கி டேஷ்போர்டுக்கு முத்தம் கொடுக்கப் போனேன்.

அம்மாவின் இனிப்பு அளவை இப்போதே இறக்கப் பாருங்கள். அது ஏறி இருந்தால் புண் ஆற நாளாகும், கிருமி பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். இனிப்பு கட்டுக்குள் வராததால் என் வார்டிலேயே ஒருவரைத் தேதி தள்ளி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

6 மார்ச்

ஐஸ் விஷயம் எழுத மறந்தேன். வீக்கம் எதிர்பார்த்ததை விட அதிகம் இருக்கும். என் வலது முட்டி சின்னப் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது, தொடையிலிருந்து கணுக்கால் வரை நீலமும் மஞ்சளுமாக. மருந்துக் கடையில் விற்கிற ஐஸ் பை ஒன்றுதான் இருந்தது, அது ஒரு முறைக்கே வெதுவெதுவென்று ஆகிவிடும். என் மகள் கோலாலம்பூரிலிருந்து வந்து ஒரு காரியம் செய்தாள்: நீள பிளாஸ்டிக்கில் கட்டுகிற ஐஸ்கிரிம் மலேசியா பைகளில் வெறும் தண்ணீர் ஊற்றி முப்பது செய்து உறைய வைத்தாள். ஐந்தாறைத் துண்டில் வரிசையாகச் சுருட்டி முட்டியைச் சுற்றிக் கட்டினால் அப்படியே வளைந்து உட்காரும். பதினைந்து இருபது நிமிடம் போதும். வெறும் தோலில் வைக்கக் கூடாது.

நாலாம் நாள் ஆறு குறைந்தது. பேரன் எடுத்துத் தின்றிருக்கிறான். "பாட்டி, இதில் சீரப் போடவே இல்லை" என்று புகார் வேறு.

9 மார்ச்

சாப்பாடு. முட்டையும் கோழியும் கூடாது என்றுதான் என் மாமியார் வழி ஆட்களும் நின்றார்கள், புண் அரிக்குமாம், சீழ் கோக்குமாம். தையல் போட்ட சதை ஒட்ட வேண்டுமென்றால் உடம்புக்குப் புரதம் வேண்டும். அதை நிறுத்திவிட்டுக் கஞ்சியும் அப்பளமும் கொடுத்தால் எதை வைத்து ஒட்டும்? எனக்கு மருத்துவமனையிலேயே தினமும் ஒரு அவித்த முட்டை வந்தது.

விரால் மீனுக்கு மட்டும் இங்கே மூன்று இனமும் ஒரே கட்சி. மலாய்க்காரப் பக்கத்து வீடு இக்கான் ஹாருவான் என்று கொண்டு வந்தது, எதிர்வீட்டுச் சீனத்து அக்கா இஞ்சி போட்டுச் சூப் வைத்துக் கொடுத்தார், என் நாத்தனார் மிளகு ரசம் வைத்தார். பத்து நாளும் விரால்தான். புண் நன்றாக ஆறியது, பன்னிரண்டாம் நாள் கிளிப் எடுத்தார்கள். விரால் வாடையே ஆகாத பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே பன்னிரண்டாம் நாள்தான் எடுத்தார்கள். நல்ல மீன், சாப்பிடட்டும். மற்றதை நிறுத்த வேண்டாம், அவ்வளவுதான்.

வலி மாத்திரை மலத்தைக் கட்டிவிடும். அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் முட்டி வலியே மறந்துபோனது, அந்த அளவுக்குக் கஷ்டம். பப்பாளி, தண்ணீர், தேவைப்பட்டால் அதற்கான மருந்து. வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

9 மார்ச், இன்னொன்று

இந்த இழையைப் பார்த்து என் மகள் போன் செய்தாள். அவளிடம், பதினாலாம் நாளே 90 டிகிரி மடக்கினேன் என்று பெருமை அடித்தேன். "நோட்டை எடுத்துப் பாரும்மா" என்றாள். எடுத்துப் பார்த்தேன். பதினாலாம் நாள்: 76. ஆறாவது வாரம்: 98. இப்போது 115. மனசு தனக்கு வேண்டியபடி கணக்கு எழுதிக்கொள்கிறது. அம்மாவுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள் தம்பி. பள்ளிக்கூட நோட்டு போதும், ஒரு பக்கம் மடக்கல், ஒரு பக்கம் விரல்.

விரல் என்றால், முட்டிக்கு அடியில் எத்தனை விரல் போகிறது என்பது. எப்போதும் ஒரே ஆளின் விரலால் அளக்க வேண்டும். என் வீட்டுக்காரரின் மூன்று விரல் என்றால் என் மகளின் நாலு.

17 மார்ச்

தம்பி தனியாக ஒன்று கேட்டிருந்தார், எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன். பெரியம்மா உருவி விடுகிற பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறாராம், தைலம் போட்டுக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவிவிட.

வேண்டவே வேண்டாம். இந்த அறுவைக்குப் பிறகு கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைய வாய்ப்புண்டு. அதற்காகத்தான் ரத்தம் உறையாத மருந்து கொடுக்கிறார்கள், பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். கட்டி இருக்கிற காலை உருவினால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், கோடாலித் தைலத்தைத் தேடாதீர்கள், ஆம்புலன்சுக்கு 999. புண்ணிலிருந்து நீர் கசிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவமனை.

முட்டி சூடாக இருப்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். எனக்கு இன்னும் மாலையில் மற்ற முட்டியை விடச் சூடாகத்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் அப்படி இருக்குமாம். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு உணர்ச்சியே இல்லை, தொட்டால் யாரோ வேறு ஆள் காலைத் தொடுவது மாதிரி. தோலுக்குப் போகிற சின்ன நரம்புகள் வெட்டுப்படுவதால் வருவது. நடக்கும்போது உள்ளே டக் டக் என்றும் கேட்கும். உலோகமும் பிளாஸ்டிக்கும் முட்டிக்கொள்கிற சத்தம்.

5 ஏப்ரல்

மூன்றாவது வாரம் பற்றிச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சரி, சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரம் வீடு நிறைய ஆள். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், விரால். மூன்றாவது வாரம் ஒருத்தரும் வர மாட்டார்கள், வலியோ அப்படியே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கால் தனக்கு இடமில்லை என்று சொல்லும். நான் எழுந்து வாக்கரோடு அடுப்படி வரை போய், ஜன்னலில் பினாங்குப் பாலத்து விளக்கு வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். ஒருநாள் அங்கேயே நின்று அழுதேன். நல்லா நடந்துகொண்டிருந்த காலை நானே போய்க் கெடுத்துக்கொண்டேனே என்று. நல்லாவா நடந்துகொண்டிருந்தேன்? மார்க்கெட்டுக்குப் போனால் மூன்று இடத்தில் உட்கார்ந்து வந்தவள். அந்த நேரத்தில் அது ஞாபகம் வராது.

அம்மா மூன்றாவது வாரம் அழுதால் அறுவை தப்பாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முடிந்தால் அந்த வாரத்தில் லீவு போடுங்கள். முதல் வாரத்துக்குப் பெரியம்மா போதும்.

பயிற்சிக்கு மின்னல் பண்பலை வானொலி. மணி பார்த்துச் செய்தால் நேரம் நகராது. ஒரு பாட்டு முடியும் வரை பாதம் ஆட்டுவது, அடுத்த பாட்டுக்கு முட்டி அழுத்துவது, அதற்கடுத்ததுக்குக் குதிகாலைக் கட்டிலில் இழுத்து மடக்குவது. விளம்பரம் வந்தால் ஓய்வு.

காலைத் தானாகத் தூக்க வராத நாட்களுக்கு என் வீட்டுக்காரர் பழைய கைலியைக் கிழித்து ஒரு சுருக்குப் போட்டுக் கொடுத்தார். பாதத்தில் மாட்டி நானே இழுத்துக் கட்டிலில் வைத்துக்கொள்வேன். அவர் முப்பது வருடம் பெர்ரியில் கயிறு வீசினவர். எந்த முடிச்சு இறுகும், எது இறுகாது என்று அவருக்குத் தெரியும். என் கால் கப்பல் மாதிரி கட்டிலில் கட்டப்பட்டது.

12 ஏப்ரல்

எங்கள் பொத்தல் நாற்காலி சும்மாதான் கிடக்கிறது, தம்பிக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவாகி, வீட்டுக்காரர் இன்று பெர்ரியில் எடுத்துக்கொண்டு அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போனார். உட்கார இடம் கிடைக்காமல் அதிலேயே உட்கார்ந்து போனாராம். பொத்தல் மேல் பேப்பரை விரித்துக்கொண்டாராம்.

16 ஏப்ரல்

அம்மாவுக்கு நல்லபடியாக முடிந்தது என்று சேதி. மகிழ்ச்சி. வீட்டு வாசலில் மூன்று படி இருக்கிறதாம், எப்படி ஏற்றுவது என்கிறார்.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். எனக்கு அந்தப் பிசியோப் பெண் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தாள்: நாயேக் காக்கி பாயேக், துரூன் காக்கி சாக்கிட். நம் மொழியில் எதுகை மோனையோடு ஒன்று கட்டிப் பார்த்தேன், வரவில்லை. நான் இன்றும் படியில் மலாயில்தான் முணுமுணுக்கிறேன்.

20 ஏப்ரல்

ஒரு திருத்தம். மார்ச் 3-ஆம் தேதிக் குறிப்பில் வீட்டுக்காரர் தலையணை வைத்ததாக எழுதியிருந்தேன். அவர் இப்போதுதான் இதையெல்லாம் படித்தார். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தேநீரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுப் போனார்.

உண்மை என்னவென்றால், கேட்டது நான். முதல் நாள் அவர் வைக்கவில்லை, "நர்ஸ் வேண்டாம்னு சொன்னாங்களே" என்றார். நான்தான் "வலி உங்களுக்கா எனக்கா?" என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் வைத்தார். பத்து நாளும் ராத்திரி நான் தூங்கினதும் உருவிவிடுவார், விழித்ததும் நான் திட்டித் திரும்ப வாங்குவேன். நாலு விரலோடு நின்றதற்குக் காரணம் அந்த மனிதர்தான் போல. இல்லாவிட்டால் ஐந்து.

இதையும் யோசித்தேன்: தண்ணீர், தட்டு, துண்டு, ரிமோட் என்று எல்லாவற்றையும் எனக்குக் கையில் கொண்டு வந்து கொடுத்தார்கள். அந்தப் பத்து நாளில் நான் எழுந்தது கழிவறைக்கு மட்டும். மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் நானே வாக்கரோடு போக வேண்டியிருந்ததே, அந்த வாரத்தில்தான் நாலு விரல் மூன்றானது. நோட்டில் இருக்கிறது. தம்பி, அம்மாவின் தண்ணீர்க் குவளையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கட்டும், குவளை மட்டும் தள்ளி.

4 மே

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறினால் எந்தக் கையில் பிடிப்பது? ஆபரேஷன் காலுக்கு எதிர்க்கையில். நான் வலது காலுக்கு வலது கையிலேயே பிடித்து ஒரு வாரம் கப்பல் ஆடுவது மாதிரி ஆடினேன். ஜெலுத்தோங் மார்க்கெட்டில் கீரை விற்கிற பாட்டி ஒருத்தி கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் தடியைப் பிடுங்கி இடது கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே நடை பழக ஜார்ஜ் டவுன் அஞ்சடியை (கடை வரிசைக்கு முன்னால் கூரையோடு இருக்கிற நடைபாதை) தேர்ந்தெடுக்காதீர்கள். வெயில் படாது என்று நினைத்து லெபோ பாசார் பக்கம் போனேன். ஒவ்வொரு கடைக்காரரும் அவரவர் காலத்தில் அவரவர் உயரத்துக்குத் தரை போட்டிருக்கிறார். பத்தடிக்கு ஒரு படி, நடுவில் மோட்டார் நிற்கும், பூக்கடைத் தண்ணீர் வேறு. நாயேக் காக்கி பாயேக் என்று முணுமுணுத்தே களைத்துப்போனேன். காலை ஏழு மணிக்குப் பேரங்காடிக்குள் நடக்கலாம் என்றால் திறந்திருக்காது. கடைசியில் எங்கள் அடுக்குமாடியின் நீள வராந்தாதான். கதவு திறந்திருக்கிற வீட்டிலெல்லாம் நின்று பேசி, இருபது நிமிட நடைக்கு ஒரு மணி நேரம் ஆனது.

18 மே

தைப்பூசம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அறுவை முடிந்த வருடம் மலை ஏறலாமா என்று. பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. இந்த வருடம் பிப்ரவரி 11 வந்தபோது எனக்கு ஐந்து மாதம். ஏறுவது கூட முடிந்திருக்கும், இறங்குவதுதான் கஷ்டம். நான் ஏறவில்லை. தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றினேன்.

அதற்கு முந்தின நாள் ரதம் வருவதைப் பார்க்கிறேன் என்று சாலைக்குப் போனதுதான் தப்பு. பினாங்கு ஆட்களுக்குத் தெரியும், ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தால் சாலையே வெள்ளையாகிவிடும். ஓட்டுச் சில்லும் இளநீருமாக. கைத்தடியின் ரப்பர் முனை அதில் நிற்கவே இல்லை. முன்பின் தெரியாத ஒரு சீனப் பையன் என் முழங்கையைப் பிடித்துக் கரையேற்றினான், "ஆண்ட்டி, அடுத்த வருஷம் டிவியில் பாருங்க" என்றான். நல்ல தமிழ்.

22 ஜூன்

டுரியான் வந்துவிட்டது. பாலிக் பூலாவ் போனோம். முட்டிக்கு அது ஆகும் ஆகாது என்றெல்லாம் கேட்காதீர்கள், அது இனிப்பு நீர்க்காரர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு வந்த பிரச்சினை வேறு: டுரியான் கடையில் போடுகிற அந்தக் குட்டி முக்காலி. தாழ்வான இடத்திலிருந்து எழ நூறு டிகிரிக்கு மேல் வேண்டும், நூற்றுப் பதினைந்து இருக்கிறதே என்று தெம்பாக உட்கார்ந்துவிட்டேன். மடங்கியது. எழத்தான் தொடையில் வலு இல்லை. கையெல்லாம் டுரியான், எதையும் பிடிக்கவும் முடியாது. வீட்டுக்காரர் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினார். கடைக்காரர் இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்கிற மாதிரி பார்த்தார்.

6 ஜூலை

தம்பி எழுதியிருக்கிறார்: அம்மாவுக்குப் பதினோரு வாரம் முடிந்தது, விரல் ஒன்றுகூடப் போகவில்லை, மடக்கல் 104. குவளையைத் தள்ளி வைத்ததற்காகப் பெரியம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம், இப்போது பேசுகிறாராம். பெரியம்மாவுக்கே வலது முட்டி தேய்ந்திருக்கிறதாம்.

என் இடது முட்டிக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், ஆகஸ்ட் கடைசி வாரம். பொத்தல் நாற்காலி திரும்ப வேண்டும் தம்பி. அவசரமில்லை, பெரியம்மாவுக்கு அதற்கு முன்னால் தேதி கிடைக்காது என்று நினைக்கிறேன். ரப்பர் மூடி நாலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுங்கள், பின்கால் ஒன்றில் அது கழன்று கழன்று வரும்.